பேட்டரி பேக் வெல்டைச் சோதிக்கும் இயந்திரக் கற்றல் கேமரா: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

லித்தியம் பேட்டரி பேக் பூட்டும் சிறு கூடங்களுக்கென்றே, இயந்திரக் கற்றல் வழியில், அதாவது படங்களைக் காட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறையில், குறைகளைக் கண்டுபிடிக்கும் கேமரா அமைப்புகள் இப்போது நம் பக்கத்திலும் விற்பனைக்கு வருகின்றன. காரைக்குடிக்கு வெளியே இயங்கும் ஒரு கூடத்தில் தரப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் நான், அவற்றுள் ஒன்றை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அன்றாட வேலையில் வைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் இதே தொழில் செய்பவர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வெல்டைச் சோதிக்க வாங்கலாம். செல்லுக்குள் இருப்பதைச் சொல்லும் என்று நம்பி வாங்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை விற்பனையாளரின் விளக்கக் கையேடு தெளிவாகச் சொல்லவில்லை என்பதால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் பூட்டுவது 32700 அளவுள்ள, அதாவது 32 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை. ஐந்து செல்களைப் பக்க இணைப்பாகச் சேர்த்து, அப்படிப்பட்ட பதினாறு வரிசைகளைத் தொடரில் பூட்டினால் 51.2 வோல்ட், 30 ஆம்பியர் மணி கொண்ட பேக் கிடைக்கும். ஸ்கூட்டருக்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதிகம் போவது இதுதான். ஒரு பேக்கில் 80 செல்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக 160 இடங்களில் நிக்கல் ஸ்ட்ரிப்பை, அதாவது மெல்லிய உலோகப் பட்டையை, செல்லோடு வெல்டு செய்கிறோம். ஓர் இடத்துக்கு நான்கு புள்ளி என்று வைத்தால் 640 புள்ளிகள். இத்தனையையும் ஒருவர் நாள் முழுவதும் கண்ணால் பார்த்து, நாள் முடியும் வேளையிலும் காலையில் பார்த்த அதே கவனத்தோடு பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேமராவைத் தேடிப் போனதற்கு அதுவே காரணம்.

ஒரு வெல்டு பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து செல் வரிசையில் ஒன்று கழன்றால் அந்த வரிசையின் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மற்ற பதினைந்து வரிசைகளும் நன்றாக இருந்தாலும், இந்த வரிசை தீரும் இடத்தில், செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான பிஎம்எஸ் மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். மிஞ்சிய நான்கு செல்களும் ஐந்து பேர் சுமையைச் சுமந்து சீக்கிரம் தளரும். முழுதாகக் கழலாமல் அரைகுறையாகப் பிடித்திருக்கும் வெல்டு இன்னும் மோசமானது. கூடத்தில் எல்லாச் சோதனைகளிலும் தேறி, வாடிக்கையாளரின் வண்டி குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்த பிறகுதான் அது தன் மின்தடையைக் காட்டும், அங்கேயே சூடேறும்.

வாங்கிய அமைப்பில் இருப்பவை: வெல்டிங் மேசைக்கு மேலே ஒரு கேமரா, அதைச் சுற்றி வளைய விளக்கு, படங்களை அங்கேயே கணக்கிடும் ஒரு தொழிற்சாலைக் கணினி, நல்லது கெட்டது என்று படங்களுக்குப் பெயரிட ஒரு மென்பொருள். கூடுதல் பணத்துக்கு இரண்டு பகுதிகள் தருகிறார்கள்: வெல்டிங் இயந்திரம் பாய்ச்சும் மின்னோட்டத்தின் அலைவடிவத்தைப் பதிவு செய்வது ஒன்று, செல்லின் ஆயுளைக் கணிப்பதாகச் சொல்வது மற்றொன்று. மொத்த விலை ஒரு நல்ல தானியங்கி ஸ்பாட் வெல்டிங் இயந்திரத்தின் விலையை ஒட்டி வருகிறது. எங்களைப் போன்ற கூடத்துக்கு அது சிறிய தொகை இல்லை.

கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 99 சதவீதத் துல்லியம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாங்குபவர் முதலில் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆயிரம் வெல்டுகளில் இரண்டு மட்டுமே கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும் ஒரு கருவிகூட 99.8 சதவீதம் சரியாகச் சொன்னதாகக் கணக்கு வரும். ஆனால் பிடிக்க வேண்டிய இரண்டையும் அது கோட்டைவிட்டிருக்கும். பற்றையும் வரவையும் தனித்தனிப் பத்தியில் எழுதிப் பழகிய செட்டிநாட்டில், இரண்டு வகைத் தவறுகளையும் ஒரே தொகையாகக் கூட்டிக் காட்டும் கணக்கை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கெட்டதை நல்லது என்று விட்டது எத்தனை, நல்லதைக் கெட்டது என்று ஒதுக்கியது எத்தனை என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

இரண்டாவது வகைத் தவறு சாதாரணமானதுதானே என்று தோன்றும், பேக் அளவில் பெருக்கிப் பார்க்கும் வரை. ஓர் இடத்துக்கு நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே நல்லதைக் கெட்டது என்று கருவி சொல்வதாகக் கொண்டால், 160 இடங்களும் தவறின்றித் தேறும் வாய்ப்பு 0.99ஐ 160 முறை பெருக்கினால் வருவது, அது 0.20. அதாவது குறையே இல்லாத பேக்குகளில் ஐந்தில் நான்கு, எங்காவது ஓர் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து நிற்கும். அந்தத் தவறு ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தால்கூட நூற்றுக்குப் பதினைந்து பேக்குகள் நிற்கும். நின்ற ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததில் பெரும்பாலானவை நல்லவையாகவே இருந்தால், சில வாரங்களில் சிவப்பு விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள். தொடக்கத்தில் எங்கள் கூடத்தில் வேலையாட்கள் பார்க்காமலே பச்சைப் பொத்தானை அழுத்தத் தொடங்கினார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருவியைப் பேக் கணக்கில் சரிசெய்து தர வேண்டியது விற்றவரின் பொறுப்பு. பலமுறை வற்புறுத்திய பிறகே அதைச் செய்தார்கள்.

கற்றுக்கொடுக்கும் வேலை எப்படி நடந்தது என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது. இந்த மென்பொருள் இரண்டு வழிகளில் கற்கிறது. நல்ல வெல்டுகளின் படங்களை மட்டும் காட்டி, அவற்றிலிருந்து விலகித் தெரியும் எதையும் சந்தேகப்படச் சொல்வது ஒரு வழி. பிடிக்காத வெல்டு, தெறிப்பு, ஓட்டை, இடம் தவறிய ஸ்ட்ரிப் என்று குறைகளையும் வகைவகையாகக் காட்டிப் பிரித்தறியச் சொல்வது மற்றொன்று. கெட்டவை அரிதாகவே கிடைப்பதால் முதல் வழியில்தான் தொடங்க முடியும், தொடங்கினோம். பிறகு மின்னோட்டத்தைக் குறைத்தும், வெல்டிங் இயந்திரத்தின் மின்னோட்டம் பாயும் எலக்ட்ரோடு முனையைத் தேய்ந்ததாக வைத்தும், ஸ்ட்ரிப்பில் எண்ணெய் தடவியும், வேண்டுமென்றே கெட்ட வெல்டுகளைச் செய்து சேர்த்தோம். ஒவ்வொன்றையும் படம் எடுத்தபின் ஸ்ட்ரிப்பை இடுக்கியால் உரித்துப் பார்த்தோம். நல்ல வெல்டாக இருந்தால் ஸ்ட்ரிப் கிழிந்து, நிக்கலில் ஒரு சிறு பொட்டு செல்லின் மேலேயே ஒட்டி நிற்கும். பிடிக்காத வெல்டு தபால் தலையைப் போல முழுதாக உரிந்து வந்துவிடும். அந்த உரிப்புச் சோதனையின் முடிவைத்தான் படத்தின் பெயராக எழுத வேண்டும். படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு உத்தேசமாகப் பெயரிட்டால், கருவி நம் உத்தேசத்தைத்தான் கற்கும்.

விற்பனையாளரின் பொறியாளர் திரட்டிய முதல் தொகுப்பில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. கெட்ட வெல்டுகளில் பெரும்பாலானவை நீல உறை போட்ட செல்களிலும், நல்லவை பச்சை உறை போட்ட செல்களிலும் இருந்தன. தேர்வு முடிவு மிக நன்றாக வந்தது. எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்பதை நிறத்தால் காட்டும் ஹீட் மேப் வசதி இந்த மென்பொருளில் உண்டு; அதைத் திறந்து பார்த்தபோது சிவப்பு நிறம் வெல்டுப் புள்ளியில் இல்லை, செல்லின் ஓரத்தில் தெரிந்த உறையின் விளிம்பில் இருந்தது. கருவி வெல்டையே பார்க்கவில்லை, உறையின் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லிக்கொண்டிருந்தது. தொகுப்பைக் கலைத்து, இரண்டு உறைகளிலும் இரண்டு வகை வெல்டுகளையும் சேர்த்து மீண்டும் கற்பித்த பிறகே சிவப்பு, புள்ளிகளின் மேல் வந்து உட்கார்ந்தது. இந்த வசதி இல்லாத மென்பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்கல் பளபளக்கும் உலோகம். அதன் படத்தில் தெரிவதில் பாதி அதன் மேல் விழும் வெளிச்சம்தான். எங்கள் கூரையில் இயற்கை வெளிச்சத்துக்காக இடையிடையே ஒளி ஊடுருவும் தகடுகள் போட்டிருக்கிறோம். நம் ஊரின் சித்திரை வெயில் நண்பகலில் அந்தத் தகடு வழியே மேசை மேல் இறங்கும்போது கருவி ஒதுக்கும் எண்ணிக்கை ஏறியது, பொழுது சாயும்போது தானாகக் குறைந்தது. மேசையைச் சுற்றிக் கறுப்பு அக்ரிலிக் தகட்டால் ஒரு நிழற்கூடு அடித்து மூடிய பிறகு அந்த ஏற்ற இறக்கம் நின்றது. நிழற்கூடும், கேமரா கண்ணாடியைத் துடைக்கும் ஒழுங்கும் இல்லாமல் இந்தப் புழுதிக் காட்டில் எந்தக் கேமராவும் நிலையாக வேலை செய்யாது. ஆனால் விலைப்பட்டியலில் நிழற்கூடு இல்லை.

படத்தில் தெரியாத குறைகளும் வெல்டில் உண்டு என்பதை எங்கள் மூத்த வெல்டர் அக்காதான் முதலில் காட்டினார். திரையில் பச்சை எரிந்த ஒரு பேக்கைக் கையில் எடுத்து, "தம்பி, படத்துல நல்லாத்தான் இருக்கு, ஆனா அடிக்கும்போது சத்தம் சரியில்லை, ஸ்ட்ரிப்பு உக்காரலை" என்றார். உரித்துப் பார்த்தால் முழுதாக வந்தது. எலக்ட்ரோடு முனை தேயத் தேயத் தட்டையாகிறது. அதே மின்னோட்டம் அகலமான இடத்தில் பரவுவதால் சூடு குறைகிறது. மேலே தழும்பு அழகாக விழும், உள்ளே உலோகம் உருகியிருக்காது. அவர் இதைச் சத்தத்தில் கண்டுகொள்கிறார். கருவிக்கு அதே செய்தி மின்னோட்ட, மின்னழுத்த அலைவடிவத்தில் கிடைக்கிறது: ஒவ்வொரு துடிப்பும் சில மில்லி விநாடிகளே நீடித்தாலும், முனை தேயும்போது அந்த வளைவின் வடிவம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வரும். கூடுதல் பணம் கொடுத்து அலைவடிவப் பகுதியை வாங்கியபின், அக்கா சந்தேகப்படுபவையும் கருவி சந்தேகப்படுபவையும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. முனையை எப்போது உப்புத்தாளில் தேய்த்துக் கூர்மையாக்க வேண்டும் என்பதையும் இப்போது அதுவே முன்கூட்டிச் சொல்கிறது. மொத்த அமைப்பிலும் கொடுத்த காசுக்குக் குறைவில்லாமல் உழைக்கும் பகுதி இது. இதைக் கூடுதல் வசதியாக அல்லாமல் அடிப்படை அமைப்பிலேயே சேர்த்து விற்க வேண்டும்.

இனி, இந்தக் கருவியால் முடியாதவை. பேட்டரி தீப்பிடிப்பதைத் தடுக்கும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் ஊரில், அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை. பெயர் பெற்ற பேட்டரி விபத்துகளில் பலவற்றின் வேர் செல்லுக்குள் இருந்தது. 2006இல் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் சோனி செல்களுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள். 2016இல் சாம்சங் நோட் 7 எரிந்ததற்கு, ஒரு வகை பேட்டரியில் எதிர்முனைத் தகடு மூலையில் வளைந்ததும், மாற்றாக வந்த மற்றொரு வகையில் வெல்டின் பிசிறுகள் நீண்டு நின்றதும் காரணம் என்று 2017 சனவரியில் அறிவித்தார்கள். செவர்லே போல்ட் கார்களில் கிழிந்த அனோடு (எதிர்முனை) இணைப்பும் மடிந்த செப்பரேட்டரும் ஒரே செல்லில் சேர்ந்தபோது ஆபத்து வந்தது. 2021இல் ஏறக்குறைய 1,42,000 கார்கள் வரை அந்தத் திரும்பப் பெறுதல் நீண்டது. அனோடையும் நேர்முனையான கேத்தோடையும் பிரிக்கும் படலமான செப்பரேட்டரின் தடிமன் பெரும்பாலும் 10 முதல் 25 மைக்ரான்தான். அதைத் துளைக்கும் ஒரு துகள், மூடி முத்திரையிட்ட உலோகக் குடுவைக்குள் இருக்கும்போது, மேசை மேலிருக்கும் கேமராவுக்கு எப்படித் தெரியும்?

செல் தயாரிக்கும் ஆலைகளில் இதே இயந்திரக் கற்றல் வேறு இடத்தில் உட்கார்ந்து மிகப் பயனுள்ள வேலையைச் செய்கிறது. செப்புத் தாளிலும் அலுமினியத் தாளிலும் பூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே வரி வரியாகப் படமெடுத்து ஊசித்துளை, கட்டி, கீறல் ஆகியவற்றைப் பிடிக்கிறார்கள்; தாளை வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; சுருட்டியபின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அனோடு எல்லாப் பக்கமும் கேத்தோடைத் தாண்டி நிற்கிறதா என்று அளக்கிறார்கள். அப்படி நிற்காத இடத்தில் மின்னேற்றத்தின்போது லித்தியம் உலோகமாகப் படியும். அங்கே குறை கண்ணுக்குத் தெரியும் கட்டத்தில் கேமரா இருக்கிறது. நம்மிடம் வரும்போது செல் மூடியிருக்கிறது. ஆலையில் நடக்கும் சோதனையின் பெருமையைப் பேக் கூடத்துக் கேமராவுக்குச் சூட்டி விற்பது முறையல்ல.

ஆயுள் கணிப்புப் பகுதியையும் இதே காரணத்தால் திருப்பி அனுப்பினேன். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது 2019இல் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த ஆய்வு அது: 124 செல்களைத் திரும்பத் திரும்ப மின்னேற்றி இறக்கி, முதல் 100 சுற்றுகளின் மின்னழுத்த வளைவுகளிலிருந்தே அவற்றின் ஆயுளை ஏறத்தாழ 9 சதவீதப் பிழையோடு முன்கூட்டிச் சொன்னார்கள். ஆனால் அந்தச் செல்கள் அனைத்தும் ஒரே தயாரிப்பு, 30 டிகிரியில் நிறுத்திய பெட்டிக்குள் இருந்தவை. நமக்கு வருபவை வெவ்வேறு தொகுதிகள். அவற்றை நூறு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு விற்கவும் முடியாது. வந்தவுடன் மின்னழுத்தத்தையும் உள் மின்தடையையும் அளந்து, இரண்டு வாரம் அடுக்கில் வைத்திருந்து, மீண்டும் அளந்து, மற்றவற்றைவிட அதிகமாக இறங்கியதை ஒதுக்குவதே எங்கள் வழக்கம். உள்ளே மெல்லக் கசியும் செல்லை அந்தப் பழைய முறை இன்றும் நன்றாகப் பிடிக்கிறது.

சேவையில் இரண்டு மனக்குறைகள் உண்டு. கற்றுமுடித்த மாடல், அதாவது படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் நிரல், முதலில் அவர்களுடைய சர்வரில் இருந்தது. இணையம் அறுந்தால் மேசை நின்றது. எங்கள் கணினிக்கே மாற்றித் தரக் கேட்டுப் பெற்றோம். அதைவிடப் பெரியது, ஒரு நாள் எங்களுக்குச் சொல்லாமலே தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பித்ததில் ஒதுக்கும் வரம்பு மாறிப்போனது. அதைக் காலைச் சோதனைத் தட்டுதான் காட்டிக்கொடுத்தது. நல்லதும் கெட்டதும் என்று உறுதியாகத் தெரிந்த வெல்டுகள் கொண்ட ஒரு தட்டை, வேலை தொடங்குமுன் கருவியின் கீழ் வைத்து, கெட்டவை அனைத்துக்கும் சிவப்பு எரிகிறதா என்று பார்ப்பது எங்கள் கூடத்தின் விதி. அன்று இரண்டு கெட்டவற்றுக்குப் பச்சை எரிந்தது. வாங்குபவர்கள் கொள்முதல் ஆணையிலேயே மூன்றை எழுதிவிடுங்கள்: படங்களும் மாடலும் வாங்குபவருக்குச் சொந்தம், எழுத்து ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் கூடாது, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும்.

ஆட்கள் வந்து பார்ப்பதில் குறையில்லை. சென்னையில் பல்லவன் ரயிலில் ஏறினால் இரவுக்குள் காரைக்குடி வந்துவிடலாம் என்பதால், அழைத்த மறுநாள் காலை பொறியாளர் மேசை முன் நிற்கிறார், பொறுமையாகச் சொல்லித் தருகிறார். எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. மின்வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரநிலையான ஏஐஎஸ் 156இன் திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எந்த பேக் எந்தச் செல்களால் ஆனது என்று பின்னோக்கித் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு பேக்கின் வரிசை எண்ணோடு அதன் 160 படங்களும் அலைவடிவங்களும் கணினியில் இருக்கின்றன. பழுதென்று திரும்பி வரும் பேக்கைப் பிரிக்குமுன் அந்தப் பதிவைத் திறந்து பார்த்துவிடுகிறோம்.

கருவி ஒதுக்கியதன் மேல் இறுதி முடிவு சொல்லும் பொறுப்பை வெல்டர் அக்காவுக்கே கொடுத்திருக்கிறோம். அவர் மாற்றிச் சொன்ன படங்கள் தனிக் கோப்பில் சேர்ந்து, உரிப்புச் சோதனைக்குப் பிறகு அடுத்த கற்பித்தலுக்குப் போகின்றன. இரண்டாவது வெல்டிங் மேசைக்கும் இதே அமைப்பை வாங்க ஆணை அனுப்பியிருக்கிறோம்: அலைவடிவப் பகுதியும் நிழற்கூடும் சேர்த்து, ஆயுள் கணிப்புப் பகுதி இல்லாமல், மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளோடு.